ட்ரெய்லரில் இழுத்துச் செல்லும் படகுக்கு டீசலா, அவுட்போர்டா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரேஞ்சர் டக்ஸ் நிறுவனம் கட்டும் ஆர்-27 படகைத் தூரத்திலிருந்து பார்த்தால், துறைமுகத்து இழுவைப்படகு ஒன்று குட்டி போட்டதுபோல் இருக்கும். உள்ளே அடுப்பு, கழிப்பறை, படுக்கை எல்லாம் உண்டு. பல ஆண்டுகள் அதன் வயிற்றுக்குள் டீசல் என்ஜின்தான் இருந்தது. அந்த முகவெட்டுக்கு வேறெதுவும் பொருந்தாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2018 மாடலில் அதே பெயரோடு வந்த படகின் பின்பலகையில் 300 குதிரைத்திறன் யமஹா அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே மாட்டும் பெட்ரோல் என்ஜின், தொங்கியது. அதன் அண்ணனான ஆர்-29 மட்டும் டீசலை விடவில்லை.

இரண்டுக்கும் நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அகலத்தில் உண்டு. ஆர்-27 எட்டரை அடி, ஆர்-29 பத்து அடி. அமெரிக்கச் சாலைகளில் தனி அனுமதி வாங்காமல் இழுத்துப் போகக்கூடிய அகலம் எட்டரை அடிதான். கனடாவில் 2.6 மீட்டர், ஆஸ்திரேலியாவில் 2.5 மீட்டர். அதாவது, வண்டியில் மாட்டி நினைத்த நேரத்தில் கிளம்பக்கூடிய படகுக்கு ஒரு கணக்கு, துறையிலேயே கட்டிக்கிடக்கும் படகுக்கு வேறொரு கணக்கு. என்ஜின்களை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். கேள்விக்குப் பாதி பதிலை ட்ரெய்லரே சொல்லிவிடுகிறது.

டீசலுக்காகப் பேசுபவர்கள் முதலில் எடுப்பது ஆயுளை. நன்றாகப் பராமரித்த சிறிய கடல் டீசல் 5,000 மணி நேரத்தைத் தாண்டி ஓடும். இன்றைய நான்கு-ஸ்ட்ரோக் அவுட்போர்டு 1,500 முதல் 3,000 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். இது உண்மைதான். ஆனால் விடுமுறைக்கும் வார இறுதிக்கும் எடுக்கிற படகு ஆண்டில் 100 மணி நேரம் ஓடினாலே அதிகம். அந்தக் கணக்கில் அவுட்போர்டே பதினைந்து முதல் முப்பது ஆண்டுகளுக்கு வரும். அதற்குள் படகு இரண்டு கை மாறியிருக்கும். குறைவாக ஓடும் என்ஜினைக் கொல்வது தேய்மானம் அல்ல. உப்பு, ஈரம், தேங்கிய எரிபொருள் ஆகிய மூன்றும்தான், அவற்றுக்கு டீசல், பெட்ரோல் என்ற பேதம் கிடையாது.

சோழமண்டலக் கரையின் மீன்பிடிப் படகோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் கடலுக்குப் போகும் ஃபைபர் படகு 1,200 மணி நேரம் ஓடுகிறது. வார இறுதிக்காரருக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆகும் ஓட்டத்தை அது ஒரே ஆண்டில் முடித்துவிடுகிறது. அங்கே டீசல் தன் விலையை விரைவில் திருப்பித் தந்துவிடும். கரையில் ஏற்ற, படகைத் தள்ளும் விசிறி (ப்ரொப்பெல்லர்) குறுக்கே நிற்குமே என்ற சிக்கலுக்கும் அங்கே விடை கண்டிருக்கிறார்கள். பின்புறம் பொருத்திய டீசலில் நீண்ட தண்டை மாட்டி, அலை உடையும் இடத்தில் அப்படியே தூக்கிவிடுகிறார்கள். டீசலின் சிக்கனமும் அவுட்போர்டின் தூக்கும் வசதியும் ஒன்றாகச் சேர்ந்த ஏற்பாடு அது. சத்தமும் அதிர்வும் மிக அதிகம் என்பதால், குழந்தைகளோடு உள்ளே படுத்துத் தூங்கும் படகில் அதைப் பொருத்த யாரும் துணிவதில்லை.

எரிபொருள் கணக்குக்கு வருவோம். இதில் வேகம்தான் எல்லாம்.

நீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாகப் போகும் படகுக்கு இயற்கையான ஓர் எல்லை உண்டு. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வரும். 24 அடிக்கு அது ஏறத்தாழ ஆறரை நாட். மூன்றரை டன் படகை ஆறு நாட்டில் தள்ள 10 கிலோவாட், அதாவது 13 குதிரைத்திறன் அளவு போதும். சிறிய டீசல் இதை மணிக்கு 3 லிட்டரில் செய்துவிடும். 300 குதிரைத்திறன் அவுட்போர்டோ தன் ஆற்றலில் இருபதில் ஒரு பங்குகூடக் கேட்கப்படாமல் சோம்பிக் கிடந்தபடியே 6 லிட்டர் குடிக்கும். பெட்ரோல் என்ஜின் குறைந்த சுமையில் திறமையற்றது. த்ராட்டில் வால்வு பாதி மூடியிருக்க, காற்றை உறிஞ்சுவதிலேயே ஆற்றலை வீணாக்குகிறது. டீசலில் அந்த வால்வுக்கு வேலையே இல்லை, எரிபொருளைக் குறைத்தால் போதும்.

படகு தண்ணீர்மேல் எழும்பிச் சறுக்கும் வேகத்துக்கு வந்தால் இடைவெளி சுருங்கும். 20 நாட்டுக்கு 125 கிலோவாட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், டீசலுக்கு மணிக்கு 33 லிட்டர், பெட்ரோலுக்கு 50 லிட்டர். இரு மடங்காக இருந்தது ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

இதைப் பணமாக மாற்றிப் பாருங்கள். ஆறு நாட்டில் ஆண்டுக்கு 100 மணி நேரம் ஓட்டினால் டீசல் மிச்சம் பிடிப்பது 300 லிட்டர். லிட்டர் ஒன்றரை கனேடிய டாலர் என்றால் 450 டாலர். டீசல் அமைப்புக்குக் கூடுதலாகப் 15,000 டாலர் கொடுத்திருந்தால், அதை மீட்க முப்பத்து மூன்று ஆண்டுகள் வேண்டும். சிக்கனத்துக்காக டீசல் வாங்குகிறேன் என்பவர் இந்த ஒரு வரியை எழுதிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டட்டும்.

ஆனால் எட்டும் தூரம் வேறு விஷயம். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்பது பழைய விதி. 568 லிட்டர் பெட்ரோல் தொட்டியில் பயன்படுத்தத்தக்கது 380 லிட்டர். 20 நாட்டில் அது 150 கடல் மைலுக்கு வரும், ஆறு நாட்டில் 380 கடல் மைல். 200 லிட்டர் டீசல் தொட்டியே ஆறு நாட்டில் 260 கடல் மைலைத் தாண்டும். அந்த 200 லிட்டரின் எடை 168 கிலோ, நிரம்பிய பெட்ரோல் தொட்டியிலோ 420 கிலோ. மெதுவாகப் போகச் சம்மதிப்பவருக்கு டீசல் தரும் உண்மையான பரிசு இந்த எடைக் குறைப்புதான். கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் வடமுனையிலுள்ள போர்ட் ஹார்டியைத் தாண்டி வடக்கே போகிறவர்கள் இந்தக் கணக்கை மிகக் கவனமாகப் போடுவார்கள்.

எடையும் கொக்கியும்

300 குதிரைத்திறன் அவுட்போர்டு 255 கிலோ அளவில் முடிந்துவிடும், கியரும் விசிறியும் சுக்கான் வேலையும் அதற்குள் அடக்கம். அதே திறனுள்ள டீசல் அரை டன்னைத் தாண்டும். தண்டு, சுக்கான், புகைக்குழாய், என்ஜினைத் தாங்கும் கட்டைகள், ஒலித்தடுப்பு எல்லாம் தனி. இழுக்கும் வண்டிக்கு எல்லை இருக்கிறது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரண வண்டி இழுப்பது 3.5 டன் வரைதான், ட்ரெய்லரின் எடையும் அதில் சேர்த்தி. அந்த எல்லைக்குள் 300 கிலோ என்பது நான்கு பேரின் ஒரு வார உணவும் தண்ணீரும் துணியும்.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். டீசல் படகின் நடுவில், தாழ்வாக இருக்கும். அதனால் அலையில் ஆட்டம் சீராக இருக்கும், ட்ரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கிமேல் விழும் எடையும் பெரிதாக மாறாது. அவுட்போர்டு கடைசியில் தொங்குகிறது. ட்ரெய்லரின் அச்சுக்கு 1.8 மீட்டர் பின்னால் 250 கிலோ இருந்து, அச்சிலிருந்து கொக்கி 6 மீட்டர் தள்ளி இருந்தால், கொக்கியில் 75 கிலோ குறைந்துவிடும். மொத்த எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும். 3,600 கிலோவுக்கு ஏழு சதவீதம் என்றால் 252 கிலோ. அதில் 75 போனால் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கி, நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கடந்து போனதும் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். பழைய டீசலைக் கழற்றி அவுட்போர்டு மாட்டுபவர்கள் அச்சைப் பின்னால் நகர்த்த மறந்து, வண்டியில் கோளாறு தேடி அலைவது அடிக்கடி நடக்கிறது.

படகு ட்ரெய்லரில் உட்காரும் உயரமும் மாறும். விசிறிக்குப் பாதுகாப்பாக ஏரா (அடியில் நீளவாக்கில் துருத்தும் முதுகெலும்பு) உள்ள டீசல் படகு 15 முதல் 30 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். இறக்குவதற்கு அவ்வளவு கூடுதல் ஆழம் வேண்டும், நீர் வற்றிய நேரத்தில் சரிவான இறங்குதளம் போதாமல் போகும். பதிலுக்கு, மிதக்கும் மரக்கட்டைகள் நிறைந்த வட அமெரிக்காவின் வடமேற்குக் கடலில் அந்த ஏராதான் விசிறியைக் காப்பாற்றுகிறது. அவுட்போர்டின் விசிறி எதிரில் வருவதையெல்லாம் நேரடியாகச் சந்திக்கும். மணல்திட்டில் மாட்டினால் மட்டும், அதைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ளிக்கொண்டு வெளியே வரலாம்.

டீசலை ட்ரெய்லரில் வைத்தால் என்ன கெடும்

துறையில் கட்டிய படகில் வராத சில தொல்லைகள் ட்ரெய்லர் டீசலுக்கு மட்டும் வரும். விற்பவர் இவற்றைச் சொல்வதில்லை.

முதலாவது தண்டின் நேர்த்தன்மை. ட்ரெய்லரில் படகு சில கட்டைகளின் மேல் உட்காருகிறது. தண்ணீரிலோ அடிப்பாகம் முழுக்கத் தாங்கப்படுகிறது. இரண்டிலும் உடலின் வடிவம் மயிரிழை வேறுபடும். கியர்பாக்ஸும் தண்டும் சேரும் தட்டுகளுக்கு இடையே, 100 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வேறுபடக் கூடாது. இதை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளைக் கொண்டு, படகு தண்ணீரில் ஒருநாள் மிதந்தபின்தான் அளக்க வேண்டும். கொட்டகையில், ட்ரெய்லர்மேல் வைத்துச் சரிபார்த்ததாகச் சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். நேர் தவறினால் முதலில் அதிர்வு வரும், அப்புறம் ரப்பர் தாங்கி தேயும், கடைசியில் கியர்பாக்ஸின் பின் சீல் எண்ணெய் கசியும்.

இரண்டாவது தண்டு வெளியேறும் இடத்து அடைப்பு. பழைய முறைத் திரி அடைப்பென்றால், தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். கார்பன் வளைய அடைப்பு சொட்டாது, ஆனால் காற்றோட்டக் குழாய் இல்லாத வகைக்கு ஒரு சடங்கு உண்டு. படகை இறக்கிய ஒவ்வொரு முறையும் ரப்பர் பெல்லோஸை (மடிப்பு மடிப்பான உறையை) கையால் அமுக்கி, வளையங்கள் பிரிந்து தண்ணீர் பீறிடும்வரை உள்ளே சிக்கிய காற்றை விரட்ட வேண்டும். விட்டுவிட்டால் கார்பன் வறண்டு தேய்ந்து கருகும். துறையில் கிடக்கும் படகுக்கு இது ஆண்டில் ஒருமுறை, ட்ரெய்லர் படகுக்கோ ஒவ்வொரு வாரமும்.

மூன்றாவது தொட்டியின் அடிக்கசடு. டீசலில் சேரும் நீரில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சேறாகப் படியும். 400 கிலோமீட்டர் சாலைக் குலுக்கல் அதை முழுவதும் கலக்கிவிடும். பலன், ஓட்டத் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே ஃபில்டர் அடைத்து என்ஜின் மூச்சுத் திணறும். 10 மைக்ரான் ஃபில்டர் இரண்டை உபரியாக வைத்திருங்கள். மாற்றியதும் காற்று இறக்க, இரண்டாம் ஃபில்டர்மேல் உள்ள திருகைத் தளர்த்தி, எரிபொருளைத் தள்ளும் ஃபீட் பம்பின் கைப்பிடியைக் குமிழி நிற்கும்வரை அடிக்க வேண்டும். கைப்பிடி தொளதொளவென்று ஆடினால் பம்ப் கெட்டதாகப் பதற வேண்டாம். பம்பை இயக்கும் கேம் உச்சத்தில் நிற்கிறது என்று பொருள். என்ஜினை ஒரு சுற்று திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள்.

அப்புறம் எல்லா டீசலுக்கும் பொதுவான ஒன்று, புகையும் கடல்நீரும் கலக்கும் முழங்கை. பேட்டரி ஏற்ற மட்டும் மணிக்கணக்கில் சும்மா ஓடவிட்டால் கரி படிந்து அதன் துளை விரல் அளவுக்குச் சுருங்கும். உப்புநீரில் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொருமுறை மாற்றத் தயாராக இருங்கள். கடல்நீர் பம்பில் நீரைத் தள்ளும் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம் சுழன்றாலே கிழியும். கிழிந்த இறக்கைத் துண்டுகளை வெப்பப் பரிமாற்றியில் தேடி எடுக்காமல் புதியதை மட்டும் மாட்டினால், சூடேறும் நோய் தீராது.

குளிர்நாட்டில் பனிக்கு முன் கடல்நீர்ப் பாதை முழுவதும் இளஞ்சிவப்பு உறைதடுப்பு திரவத்தை ஓடவிட வேண்டும். 8 முதல் 15 லிட்டர் செலவாகும், புகைக்குழாயிலும் அதே நிறம் வரும்வரை. அவுட்போர்டுக்கு அந்த வேலையே இல்லை, நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் தானே வடிந்துவிடும். தூக்கிய நிலையில் குளிர்காலத்துக்கு விட்டால் மட்டும் உள்ளே தேங்கிய நீர் உறைந்து உலோகத்தைப் பிளக்கும்.

அவுட்போர்டின் தொல்லைகள்

அதிகம் இல்லை, ஆனால் உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சி, அளவு மீறியதும் நீராகப் பிரிந்து தொட்டியின் அடியில் நிற்கும், உறிஞ்சுகுழாயும் அங்கேதான் இருக்கிறது. நீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் கட்டாயம். மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் எரிபொருள் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். குளிர்நீர் ஓடுகிறதென்று காட்டும் பக்கவாட்டுத் துளையில் குளவி கூடு கட்டும். புல்வெட்டியின் நைலான் நூலை விட்டுக் குத்தினால் திறக்கும். தூண்டில் நூல் விசிறித் தண்டில் சுற்றினால் சீலை அறுத்துக் கியர் எண்ணெயில் தண்ணீர் புகும். 100 மணி நேரத்துக்கொருமுறை எண்ணெய் மாற்றும்போது அது பால்போல் வெளுத்திருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் சீல் மாற்ற வேண்டும்.

சிறிய பாய்மரப் படகுகளில் வேறொரு குறை. எதிரலையில் பின்புறம் எழும்பும்போது விசிறி தண்ணீரைவிட்டு வெளியே வந்து ஓலமிடும். 25 அங்குலத் தண்டும் பெரிய கியர் விகிதமும் உள்ள வகையை வாங்குவது பாதி மருந்து. யமஹாவின் 9.9 குதிரைத்திறனில் சாதாரண வகைக்கு விகிதம் 2.08, அதிக உந்துவிசை வகைக்கு 2.92. அதே குதிரைத்திறன்தான், ஆனால் பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவதால் மூன்று டன் படகைக் காற்றுக்கெதிரே பிடித்து நிறுத்தும்.

பெட்ரோலில் அலட்சியம் கூடாத இடம் ஆவி. டீசல் 50 பாகைக்கு மேல்தான் பற்றக்கூடிய ஆவி விடும். பெட்ரோலோ உறைபனியிலும் விடும், காற்றைவிடக் கனமானதால் படகின் அடியில் தேங்கும். தொட்டி அறைக்குத் தனிக் காற்றோட்டம் வேண்டும், உள்ளே வாடையடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. பின்கதவைத் திறந்து மெதுவாக ஓட்டும்போது படகுக்குப் பின்னால் உருவாகும் வெற்றிடம் புகையைக் கூடத்துக்குள் இழுக்கும். படுக்கைக்கருகே ஓர் எச்சரிக்கைக் கருவி மாட்டாமல் பெட்ரோல் படகில் குழந்தைகளைத் தூங்கவைக்கக் கூடாது.

டீசல் வீட்டுக்காரனைப்போலச் சில உபரி வேலைகளும் செய்கிறது. என்ஜினைக் குளிர்வித்துச் சூடேறிய நீரால் குளிக்கத் தண்ணீர் சுடும், அதே தொட்டியிலிருந்து கணப்பு எரியும். அவுட்போர்டு படகில் கணப்புக்குத் தனியாகச் சிறு டீசல் தொட்டி வைக்கிறார்கள், வெந்நீருக்குக் கரை மின்சாரமோ எரிவாயுவோ தேட வேண்டும். அலாஸ்கா பக்கத்து மே மாதத்தில் இது சின்ன விஷயமல்ல.

ஆக, 20 நாட்டில் ஓடி, மாலையில் நங்கூரமிட்டு, ஞாயிறன்று ட்ரெய்லரில் ஏற்றுபவருக்கு அவுட்போர்டு. என்ஜின் இருந்த இடம் சாமான் அறையாகும், பழுதானால் ஒரே நாளில் கழற்றி மாற்றலாம். ஆறு ஏழு நாட்டில் நாள் முழுக்கப் போய், வாரக்கணக்கில் படகிலேயே வாழ்ந்து, ட்ரெய்லரை ஆண்டில் இரண்டு முறை மட்டும் தொடுபவருக்கு 30 குதிரைத்திறன் சிறு டீசல். 200 குதிரைத்திறன் டீசலைப் போட்டு 14 நாட்டில் ஓடும் ட்ரெய்லர் படகு இரண்டு உலகின் செலவையும் சேர்த்துக் கேட்கிறது என்பது எங்கள் எண்ணம். டீசல் ஸ்டெர்ன்டிரைவ் இன்னும் மோசம். என்ஜின் உள்ளே இடத்தை அடைக்கும், விசிறியைத் தாங்கும் கால் வெளியே உப்பில் அரிக்கும், ரப்பர் பெல்லோஸையும் சில ஆண்டுக்கொருமுறை மாற்றியாக வேண்டும்.

பழைய படகு வாங்கப் போகிறவர்கள், டீசலானால் காலையில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் விற்பவர் முன்பே கிளப்பியிருக்கிறார், இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பி, கடலில் முழு வேகம் கொடுங்கள். நிமிடத்துக்கு 3,600 சுழற்சிக்கு உரிய என்ஜின் 3,200-இலேயே நின்று கரும்புகை விட்டால் விசிறி பெரிது, அடிப்பாகத்தில் பாசி, அல்லது முழங்கையில் கரி. முழங்கைதான் என்றால், சில போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவுட்போர்டானால் லேப்டாப்பை மாட்டி, எந்தச் சுழற்சியில் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவைக் கேளுங்கள், கியர் எண்ணெயைக் கண்ணெதிரே வடிக்கச் சொல்லுங்கள். பிறகு தொட்டிகளை நிரப்பி, நாலு பேரைப் பின்தளத்தில் நிற்கவைத்து, வடிகால் துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, அதே நிரம்பிய படகை ட்ரெய்லரில் ஏற்றி எடைமேடைக்கு ஓட்டிப் போங்கள். விளம்பரத்தாளில் இருப்பது பெரும்பாலும் காலிப் படகின் எடை.